தலையில் பூச முதல் போத்தலைப் பார்க்கக் கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் முடி வெட்டுவது, நேராக்குவது, சாயம் போடுவது, நீக்குவது பற்றியவை. கடைகளின் பெயர்களை எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: அக்கா, ஆவணியில் எனக்குக் கலியாணம். முடியை நேராக்க ஒரு பார்லரில் ‘ஃபோமலின் இல்லாத கெரட்டின்’ செய்யச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் ரீபொண்டிங்தான் நிலைக்கும் என்கிறார்கள். என்னுடையது சுருள் முடி. போன வருடம் பிளீச் பண்ணி மெரூன் கலர் அடித்தேன், நுனியில் அது இன்னும் இருக்கிறது. எதற்குக் காசைக் கொடுப்பது? (உப்புவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, இரண்டும் ஒரே வேலை இல்லை. ரீபொண்டிங்கில் பூசும் கிரீம் பெரும்பாலும் அமோனியம் தயோகிளைக்கொலேட். முடியின் உள்ளே புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கும். பிறகு அயர்ன் போட்டு நேராக்கி, ஐதரசன் பரவொட்சைட்டு உள்ள நியூட்ரலைசரால் அந்தப் பிணைப்புகளைத் திரும்பப் பூட்டுவார்கள். நேரான பகுதி வெட்டி எறியும்வரை நேராகவே இருக்கும். ஆனால் வேரில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. புதுச் சுருள் வளரும். ஆறு மாதத்தில் மேலே சுருளும் கீழே நேருமாக நிற்கும். அதற்குப் பிறகு, புதிதாக வளர்ந்த பகுதியைத் திரும்ப நேராக்கும் ‘டச் அப்’ செலவு தொடங்கும். கெரட்டின் அந்தப் பிணைப்புகளை உடைப்பதில்லை. முடியில் படிந்து நிற்கும், சில மாதங்களில் கழுவக் கழுவப் போய்விடும்.

உங்களுக்கு ரீபொண்டிங் வேண்டாம். பிளீச் பட்ட நுனியில் ஏற்கெனவே பல பிணைப்புகள் போயிருக்கும். அதன்மேல் அந்தக் கிரீம் பட்டால் ஈரத்தில் ரப்பர் மாதிரி நீளும், காய்ந்ததும் ஒடியும். வேறு யாராவது ரீபொண்டிங் செய்யப் போவதென்றால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். காதின் பின்னால் ஒரு மெல்லிய கற்றையில் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கிரீமை வேரிலிருந்து 1 செ.மீ. தள்ளியே பூச வேண்டும், தோலில் பட்டால் புண்ணாகும், முடி அடியோடு ஒடியும். பூசிய பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரு முடியை இழுத்துப் பார்க்க வேண்டும். கிரீமைப் பூசிவிட்டு அடுத்த ஆளுக்குத் திரெடிங் செய்யப் போகும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது.

இனிக் கெரட்டின். ‘ஃபோமலின் இல்லை’ என்று போத்தலின் முன்பக்கத்தில் இருப்பதை விடுங்கள், பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். ஃபோமல்டிஹைட், ஃபோமலின், மெதிலீன் கிளைக்கோல் என்ற மூன்றில் எது இருந்தாலும், அயர்னின் சூட்டில் ஃபோமல்டிஹைட் வாயு வரும். அந்த அயர்ன் 230 பாகை செல்சியஸ் வரை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் ஃபோமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. அதற்குப் பதிலாக இப்போது வருவது கிளையொக்சிலிக் அமிலம். அதுவும் கடும் சூட்டில் ஃபோமல்டிஹைட்டை வெளியிடக்கூடியது. அதைப் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. அயர்ன் போடும்போது கண் எரிந்து தொண்டை கரகரத்தால் எழுந்து வெளியே போங்கள். ஏசிக்காகக் கதவு யன்னலெல்லாம் பூட்டிய அறையில் இதைச் செய்யவே கூடாது. கர்ப்பிணிகள் அந்த அறையில் இருக்கவும் வேண்டாம். ஒரு நாளுக்கு நாலைந்து பேருக்கு இதைச் செய்யும் பார்லர் பிள்ளையை நினைத்துப் பாருங்கள், உங்களைவிட அவள்தான் அதிகம் சுவாசிக்கிறாள்.

எங்கள் அபிப்பிராயம்: இரண்டுமே வேண்டாம். மணவறையில் உங்கள் முடி கொண்டைக்குள்ளும் பூவுக்குள்ளும்தான் இருக்கப்போகிறது. வழுக்கிற நேர்முடியில் ஊசி நிற்காது, சவுரியும் நழுவும். சுருள் முடி அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். மெரூன் நுனியை இப்போதே வெட்டுங்கள். வரவேற்புக்கு விரித்த முடி வேண்டுமென்றால் அன்று மட்டும் புளோ டிரை போதும். அதற்குமேல் கெரட்டின் செய்தே தீருவதென்றால், கலியாணத்துக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் செய்யுங்கள். ஏதாவது பிழைத்தால் சரிசெய்ய அவகாசம் வேண்டும். செய்த பிறகு இரண்டு கிழமைக்குக் கடலில் குளிக்க வேண்டாம்.

கேள்வி: நாடியிலும் மேலுதட்டிலும் முடி. ஒன்லைனில் வாங்கிய ஐபிஎல் கருவியை (பலமான ஒளி பாய்ச்சி முடியைக் குறைப்பது) பாவித்ததில் கறுப்புத் திட்டு விழுந்துவிட்டது. இப்போது ஒரு நிலையத்தில் ‘லேசர், நிரந்தரமாகப் போகும், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஆறு தடவைக்கும் முன்பணம் கட்டினால் கழிவு’ என்கிறார்கள். நான் மாநிறத்தைவிடக் கறுப்பு. கட்டலாமா? (உவர்மலை வாசகி)

பதில்: கட்ட வேண்டாம். முதலில் உங்கள் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். நாடியில் தடித்த முடி வளர்வதோடு மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகப்பரு, உடல் எடை கூடுதல் இருந்தால் சூலகத்தில் நீர்க்கட்டிகள் காணப்படும் பிசிஓஎஸ் காரணமாகலாம். அதைக் கவனிக்காமல் லேசருக்குக் கட்டும் காசு வீண், ஓமோன் புது முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும். மாவட்டப் பொது வைத்தியசாலையில் இதற்கான ஆலோசனை இலவசம்.

இரண்டாவது, நிறம். லேசர் ஒளியை முடியின் கறுப்பு நிறமி உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுகிறது. கறுத்த தோலிலும் அதே நிறமி இருப்பதால் தோலும் சேர்ந்து சுடுபடும். வீட்டு ஐபிஎல் கருவிகளின் கைநூலில் தோல் நிற அட்டை ஒன்று இருக்கும். கடும் மண்ணிறத்துக்கும் கறுப்புக்கும் அதில் பெரும்பாலும் பாவிக்க வேண்டாம் என்றே குறித்திருப்பார்கள். உங்களுக்கு விழுந்த திட்டு இதனால்தான். அது மறையும்வரை அந்த இடத்தில் எந்த ஒளிச் சிகிச்சையும் கூடாது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்த மாதங்களில் குடை பிடியுங்கள். லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமைத் தொடாதீர்கள்.

நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது என்ன மெசின், எத்தனை நனோமீற்றர்?’ என்பது. நனோமீற்றர் என்பது அதன் ஒளியின் அலைநீளம். கறுத்த தோலுக்கு மிகப் பாதுகாப்பானது 1064 நனோமீற்றர் என்டி-யாக். 810 அளவிலான டயோட்டை, நல்ல குளிரூட்டலோடு அனுபவமுள்ளவர் குறைந்த அளவில் பாவிக்கலாம். 755 அளவு அலெக்சாண்டிரைட் வெளிர்தோலுக்குரியது. ஐபிஎல் லேசரே இல்லை, ஆனாலும் பல இடங்களில் பெயர்ப்பலகையில் லேசர் என்றே போடுகிறார்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். இயக்குபவர் யார், மேற்பார்வை செய்யும் டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்றும் கேளுங்கள்.

‘இரண்டு கிழமைக்கு ஒரு தடவை’ என்பதும் பிழை. வளரும் நிலையில் உள்ள முடியில்தான் லேசர் வேலை செய்யும். அதனால் முகத்துக்கு 4 முதல் 6 கிழமை இடைவெளி விடுவார்கள். வழக்கமாக 6 முதல் 8 தடவை தேவைப்படும், பிறகும் இடைக்கிடை செய்ய வரும். முடி நீண்டகாலத்துக்குக் குறையும், ஆனால் முழுவதும் போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஒவ்வொரு வேராக ஊசிவிட்டு மின்சாரத்தால் அழிக்கும் எலெக்ட்ரோலிசிஸ்தான் நிரந்தர நீக்கம், அது மெதுவான வேலை. நரைமுடிக்கு லேசர் பிடிக்காது. இன்னுமொன்று, எங்கள் நாட்டுப் பெண்கள் அவசியம் அறிய வேண்டியது: தாடையோரத்தில் உள்ள பூனைமுடிக்கு லேசர் போட்டால் சிலருக்கு அது தடித்து வளர்கிறது. தடித்த முடி உள்ள இடத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

பிறகு செய்வதென்றால், நாடியின் கீழ் சிறு இடத்தில் சோதனை செய்து, ஒரு கிழமையாவது பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் காசு கட்டுங்கள். அதற்கு முந்திய நான்கு கிழமையும் திரெடிங், வாக்ஸ், பிடுங்குதல் எதுவும் வேண்டாம். வேர் இல்லாவிட்டால் லேசருக்கு இலக்கு இல்லை. ரேசரால் வழிக்கலாம், வழித்தால் தடித்து வளரும் என்பது உண்மையில்லை.

கேள்வி: சலூனில் முடி வெட்டிய பிறகு பிடரியில் வட்டமாகச் சொறி. பாமசியில் ஒரு ரியூப் தந்தார்கள், பூச நல்லாக இருந்தது, பிறகு பெரிதாகப் பரவிவிட்டது. (கிண்ணியா, 22 வயது)

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது படர்தாமரை மாதிரி இருக்கிறது. ஒருவர் பிடரியில் ஓடிய மெசினைக் கழுவாமல் அடுத்தவருக்குப் போட்டால் அந்தப் பூஞ்சை வரும். உங்களுக்குத் தந்த ரியூபில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். அது சிவப்பையும் சொறிவையும் உடனே அடக்கும், ஆனால் பூஞ்சையை வளர விடும், அதனால்தான் பரவியது. பெட்டியில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் நிறுத்துங்கள். வெறும் தோலில் உள்ள சிறு திட்டுக்குக் குளோட்ரிமசோல் 1% கிரீமை நாளுக்கு இரண்டு தடவை, திட்டு மறைந்த பிறகும் ஒரு கிழமைக்கு மேல் பூச வேண்டும். மூன்று நாளில் விட்டால் திரும்ப வரும். உங்களுக்கு ஏற்கெனவே பரவிவிட்டதால் வைத்தியசாலையில் தோல் வைத்தியரைப் பாருங்கள். தலைமுடிக்குள்ளோ தாடிக்குள்ளோ போயிருந்தால் கிரீம் போதாது, குளிசை வேண்டும்.

சலூனில் துணியால் துடைப்பது கிருமி நீக்கமாகாது. மெசின் அலகில் ஒட்டிய முடியைத் தூரிகையால் தட்டி, 70% அற்ககோல் அடித்து, அது காயும்வரை விட வேண்டும். சவரக் கத்திக்குப் புதுப் பிளேட்டை உங்கள் கண்முன்னே உடைத்துப் போடச் சொல்லுங்கள். பழைய பிளேட்டால் ஈரல் அழற்சி பி, சி தொற்றலாம். எல்லோர் முகத்திலும் தேய்க்கிற படிகாரக் கட்டியை வேண்டாம் என்று சொல்லுங்கள், அதிலும் இரத்தம் படுகிறது. சுத்தமில்லாத சலூனைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

கேள்வி: ‘கொஞ்சமாக வெட்டுங்கள்’ என்றால் மொட்டையாக்கி விடுகிறார்கள். (தம்பலகாமம்)

பதில்: மெசினில் பூட்டும் சீப்பின் இலக்கத்தைச் சொல்லுங்கள். 1 என்றால் 3 மி.மீ. முடி மிஞ்சும், 2 என்றால் 6, 3 என்றால் ஏறத்தாழ 10, 4 என்றால் 13. பக்கத்துக்கு 3 போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குறைக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கறுப்பு மருதோன்றிப் பைக்கற் போட்டதில் நெற்றியும் கண்ணும் வீங்கிவிட்டது. பல வருடமாகப் போட்டவர், ‘மூலிகை’ என்றுதான் பைக்கற்றில் இருக்கிறது. (மூதூர்)

பதில்: மருதோன்றி இலை தரும் நிறம் செம்மஞ்சள். அரை மணித்தியாலத்தில் கரிக்கறுப்பாக்கும் தூள் என்றால் அதில் பிபிடி எனப்படும் பராபினைலீன்டயமைன் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு ஒரு நாள் ஒவ்வாமையைக் காட்டத் தொடங்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கூடும். அப்பாவுக்கு இனி வாழ்நாளில் பிபிடி படக்கூடாது. வேறு பெயரில் வரும் பைக்கற்றும், கையில் வரையும் கறுப்பு மருதோன்றியும் இதற்குள் அடங்கும். மூச்சு இழுத்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மற்றவர்கள் சாயம் போடுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் முழங்கை மடிப்பில் சிறிது பூசிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும். கலப்பில்லாத வழியும் உண்டு: முதலில் மருதோன்றித் தூளைக் குழைத்து இரவு முழுதும் வைத்து, தலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் பூசிக் கழுவுங்கள். பிறகு அவுரித் தூளை வெறும் நீரில் குழைத்து, 15 நிமிடத்தில் எடுத்துப் பூசி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடுங்கள். அவுரியை இரவே குழைத்து வைத்தால் சாயம் செத்துவிடும். கறுப்பு முழுதாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். இதையும் முதலில் கையில் பூசிப் பாருங்கள். பைக்கற்றில் அந்த இலையைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்கக் கூடாது.

கேள்வி: நிலாவெளியில் உவர்க்கிணறு. தலை தும்பாகிறது. ஷவர் பில்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஷவரில் பூட்டும் சிறு பில்டர் குளோரினைக் குறைக்கும், உப்பையும் கல்சியத்தையும் எடுக்காது. கிணற்று நீரில் குளித்தாலும், கடைசி இரண்டு வாளியை நீர் வழங்கல் சபையின் குழாய்நீரில் ஊற்றுங்கள். குழாய் இல்லாவிட்டால் மாரியில் பிடித்த மழைநீர். கல்சியம் படிந்த முடிக்கு 1 லீற்றர் நல்ல நீரில் 1 மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, கிழமைக்கு ஒரு தடவை ஊற்றிக் கழுவலாம். தலை முழுக அரை மணித்தியாலத்துக்கு முன் தேங்காயெண்ணெய் தேய்த்தால், கழுவும்போது முடி இழக்கும் புரதம் குறையும்.

கேள்வி: வாக்ஸ் செய்தபோது மேலுதட்டில் தோலே உரிந்து வந்துவிட்டது. முகப்பருவுக்குக் குளிசை குடிக்கிறேன்.

பதில்: அது ஐசோட்ரெட்டினொயின் என்றால் காரணம் அதுவே, அது தோலை மெலிய வைக்கும். குடிக்கும் காலத்திலும் நிறுத்தி ஆறு மாதம்வரையும் வாக்ஸ் கூடாது. வாக்ஸ் போட முன் என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்காத பார்லருக்குத் திரும்பப் போக வேண்டாம்.

கேள்வி: பார்லரில் முடி ஒடிந்து கொட்டிவிட்டது. காசைத் திருப்பித் தரமாட்டோம், இலவசமாக ஹெயார் ஸ்பா செய்து தருகிறோம் என்கிறார்கள். (நகர வாசகி)

பதில்: அதே தலையில் இன்னொரு மருந்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒடிந்த முடியை எந்த ஸ்பாவும் ஒட்டாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் பொருந்தும். உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வது அவர்கள் கடமை. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும், பிந்தினால் ஏற்கமாட்டார்கள். தொலைபேசி 1977. கச்சேரியிலுள்ள மாவட்ட அலுவலகத்திலும் கொடுக்கலாம். முதலில் பார்லர் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு, அன்றே திகதியோடு எடுத்த படம், பூசிய போத்தலின் பெயரும் தொகுதி இலக்கமும், கடதாசி உறையில் ஒடிந்த முடி கொஞ்சம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பற்றுச்சீட்டுத் தரவில்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள். தலைத்தோலில் எரிவோ புண்ணோ இருந்தால் இதற்கெல்லாம் முதல் வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே டொக்டர் எழுதித் தரும் குறிப்பையும் முறைப்பாட்டோடு இணைக்கலாம்.