கேள்வி-பதில்: எழுந்து போக வழியில்லாத மேஜை

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் போக்கர் டோர்னமென்ட் ஆடுவோம். ஆளுக்கு 500 ரூபாய். போன மாதம் ஏற்காட்டில் ஒரு நண்பரின் காட்டேஜில் ஆடினோம். ஒருவர் வரவில்லை என்பதால், கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய பள்ளித் தோழரை முதல் தடவையாக என் காரில் அழைத்துப்போனேன். அவர் சீக்கிரமே அவுட் ஆகி, நான்கு தடவை திரும்பத் திரும்ப 500 கட்டி உள்ளே வந்தார். டோர்னமென்ட் முடிந்ததும் விடிய விடிய நேரடியாகக் காசு வைத்து ஆடினோம். அதில் 9,000 விட்டார். 6,000 நான் அங்கேயே கொடுத்த கடன். பெரும்பகுதி என்னிடம்தான் வந்தது. இப்போது அவர் மனைவி போன் செய்து, அது பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று அழுகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. செல்போனில் ரம்மி ஆடிப் பழகியவர்தான். போக்கர் திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. என்மேல் என்ன தப்பு?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அழகாபுரம், சேலம்.

பதில்: திறமை ஆட்டம் என்கிறீர்கள். சரி, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படியென்றால் அன்று ராத்திரி உங்கள் தோழர் தோற்றதற்கு அவருடைய நேரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆட்டம் தெரிந்த ஏழு பேருக்கு நடுவில் தெரியாத ஒருவர் உட்கார்ந்தால் காசு எந்தப் பக்கம் போகும் என்பது முதல் சீட்டுப் போடும் முன்பே உங்களுக்குத் தெரியும். தாயம் உருட்டித் தோற்றிருந்தால்கூட உங்களை இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்.

உங்கள் நீளமான கடிதத்தை இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். அதில் ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, நீங்களே விவரித்திருந்தீர்கள். அவர் கையில் இரண்டு இஸ்பேட். எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் திறந்த நான்கு சீட்டில் இரண்டு இஸ்பேட். கடைசிச் சீட்டும் இஸ்பேடாக வந்தால் ஐந்தும் சேர்ந்து ஃப்ளஷ் என்ற பெரிய கை. நடுவில் 1,000 ரூபாய் கிடந்தது, நீங்கள் இன்னொரு 1,000 வைத்தீர்கள். அவர் யோசிக்காமல் 1,000 எடுத்து வைத்தார். ஆட்டின் ஏழு விழுந்தது, எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இடத்திலேயே நிற்போம். இஸ்பேட் மொத்தம் 13. நான்கு அவர் கண்ணில் படுகிறது, மீதி 9. அவர் பார்க்காத சீட்டு 46. நாற்பத்தாறில் ஒன்பது என்றால் ஐந்தில் ஒரு தடவைகூட முழுசாக வராது. இதே நிலைமையில் ஐந்து தடவை ஆயிரம் ஆயிரமாக வைத்தால் நான்கு தடவை தோற்று 4,000 போகும், ஒரு தடவை ஜெயித்து 2,000 வரும். இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டிய இடம் அது. ரம்மிக்காரர்கள் ஸ்கூட் என்பார்களே, அதுதான். நன்றாக ஆடுகிறவர் எட்டுப் பேர் மேஜையில் பத்துக் கைக்கு ஏழெட்டைக் காசு வைக்காமலே கவிழ்த்துப் போட்டுவிடுவார். போக்கரில் பாதித் திறமை அந்தப் போடுவதில்தான் இருக்கிறது. அதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? சேலத்திலிருந்து மேலே ஏறுகிற நேரம் பூராவும் அவர் உங்கள் பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்திருந்தார்?

செல்போனில் ரம்மி ஆடிப் பழகியவர் என்பதை உங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. அந்த ரம்மியில் பணத்தை விட்டு உயிரையே விட்டவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்பதை நாம் பேப்பரில் படித்துக்கொண்டேதான் இருந்தோம். அதனால்தான் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. போனில் அடைத்த கதவை அவருக்கு நீங்கள் மலைமேல் திறந்துவிட்டீர்கள்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற வரிக்கு வருகிறேன். அதைப் படித்தபோதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அழகாபுரத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆடியிருந்தால், 500 போனதும் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பார். ஏற்காட்டில், ராத்திரி ஒரு மணிக்கு, வெளியே பனி மூட்டம், கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, வந்ததோ உங்கள் காரில். அவர் எங்கே போவார்? இருப்பது ஒரே ஹால். சாப்பாடு, சிரிப்பு, பேச்சு எல்லாம் அந்த மேஜையைச் சுற்றித்தான். தோற்ற மனிதர் ஓரமாக ஒரு நாற்காலியில் நான்கைந்து மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்கி மறுபடி ஆட வேண்டும். கடன் கொடுக்க நீங்கள் தயாராக ஜிபேயைத் திறந்து வைத்திருந்தீர்கள். கடன் கொடுத்தவரும் ஜெயித்தவரும் ஒரே ஆள். உங்கள் காசு உங்களிடமே திரும்பி வந்தது, அவர் தலையில் கடன் மட்டும் நின்றது. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

டோர்னமென்ட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நண்பர்கள் காசு வைத்து ஆட ஏற்ற முறை என்று ஒன்று உண்டென்றால் அதுதான் என்று சொல்வேன். காசுக்குப் பதில் வைத்து ஆடும் வட்டுகளான சிப்ஸ், எல்லோருக்கும் சமமாக, ஆளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்ஸைக் காசாக மாற்ற முடியாது. ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பிளைண்டை 25-50-ல் ஆரம்பித்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கினால், எட்டுப் பேர் ஆட்டம் இரண்டரை மணி நேர அளவில் தானாகவே முடிந்துவிடும். பதுங்கி உட்கார்ந்திருப்பவரின் சிப்ஸையும் பிளைண்ட் தின்றுவிடும், அதனால் யாராலும் இழுத்தடிக்க முடியாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் நஷ்டம் 500-ஐத் தாண்டாது. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவோம் என்பதும் எவ்வளவு போகும் என்பதும் உட்காரும் முன்பே தெரிந்திருப்பதுதான் அதன் அழகு. நேரடிக் காசு ஆட்டத்தில் இந்த இரண்டுமே கிடையாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருக்கலாம். முதல் தடவை அவரை மறுபடி 500 கட்ட விட்டபோதே நீங்கள் டோர்னமென்ட்டைக் கைவிட்டுவிட்டீர்கள். மிச்சமெல்லாம் அந்த வழியாக வந்ததுதான்.

சீக்கிரம் அவுட் ஆனவர் சும்மா உட்கார்ந்திருப்பாரே என்பது நியாயமான கவலைதான். நான் வளர்ந்தது அம்மாபேட்டையில். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் நெசவுக்குப் பாவு நீட்டும் பாவடி ஓரம் பெட்ரோமாக்ஸ் வைத்து ரம்மி ஆடுவார்கள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் கைக்குச் சீட்டுக்கட்டு போய்விடும். கலைத்துப் போடுவது, கணக்கு எழுதுவது, சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அதற்கப்புறம் அவர் வேலை. என் பெரியப்பாவுக்கு ஆடத் தெரியாது என்றே சொல்லலாம், அரை மணி நேரத்தில் கொட்டையெல்லாம் போய்விடும். ஆனால் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கடைசிவரை அவர் குரல்தான் கேட்கும். தட்டுவடை செட்டு வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். உங்கள் மேஜையிலும் முதலில் அவுட் ஆகிறவர் டீலராக உட்காரட்டும். மறுபடி காசு கட்ட வேண்டும் என்ற எண்ணமே வராது.

கோர்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று 2022 சட்டம் போட்டிருந்த பட்டியலை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. ஆனால் காட்டேஜ்காரரான உங்கள் நண்பர் ‘கரண்ட் செலவுக்கு’ என்று மொத்தப் பணத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டம் முதலில் பார்ப்பது இடத்துக்காரருக்கு ஆட்டத்திலிருந்து லாபம் வருகிறதா என்பதைத்தான். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வீட்டுக்காரரோ கிளப்போ ஆட்டத்தில் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். அந்த 6,000 கடனை அடித்துவிடுங்கள். காசு ஆட்டத்தில் அவர் கையிலிருந்து போன 3,000, மறுபடி மறுபடி கட்டிய 2,000, ஆக 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். முதலில் கட்டிய 500 அவர் தெரிந்து ஆடிய ஆட்டம், அது போனது போனதுதான். மற்ற ஆறு பேரிடமும் பங்கு கேளுங்கள். தராவிட்டால் முழுவதையும் நீங்களே போடுங்கள், அழைத்துப்போனது நீங்கள்தான். அடுத்த சனிக்கிழமைக்குள் செய்யுங்கள். ஜிபேயில் அனுப்ப வேண்டாம், பட்டறைக்குப் போய் நாலு பேர் முன்னால் கொடுக்கவும் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். அவர் வாங்க மறுத்தால் அவர் மனைவியிடம் கொடுங்கள். உங்களுக்குப் போன் செய்தவர் அவர்தானே.