நாலாயிரம் பேரும் ஒரு தபால் கார்டும்

ஐயா, வணக்கம்.

எனக்கு 27 வயது. குழித்துறைப் பக்கம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனை வாங்கிக் குப்பியில் அடைத்து இணையத்தில் விற்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுகிறேன், 25 நிமிட டைமர் வைத்து வேலை செய்கிறேன். தினமும் லிங்க்ட்இனில் ஒரு பதிவு, இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல். லிங்க்ட்இனில் 4,000 பேர் தொடர்பில் இருந்தும் அங்கிருந்து ஓர் ஆர்டர்கூட வரவில்லை. பிரீமியம் கணக்கு வாங்கலாமா? கொச்சிக்கோ பெங்களூருக்கோ போனால்தான் தொழில் தொடர்புகள் கிடைக்குமா? வாட்ஸ்ஆப்பில் வேறு, “தேன் உறைஞ்சு போச்சு, சீனி கலந்திருக்கீங்களா” என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் என் நேரத் திட்டமே குலைந்துவிடுகிறது.

ச., குழித்துறை

அன்புள்ள தம்பிக்கு,

கைபேசி இல்லாத காலத்தில் நம்மூர்த் தேன்காரர்கள் எப்படித் தொழில் நடத்தினார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ரப்பர் பால்வெட்டுக்காரர் உங்களுக்கு முன்பே எழுந்துவிடுகிறார், அதை எங்கும் பதிவு போடுவதில்லை. 25 நிமிடக் கணக்கு 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன் படிப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. தேர்வுக்குப் படிக்கிறவனுக்கு நல்லது. கடை திறந்து வைத்திருக்கிறவன், வாசலில் ஆள் நிற்கும்போது மணி அடிக்கட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா?

கோபம் வந்தது அந்த உறைந்த தேன் விஷயத்தில்தான். தேனில் உள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவதுதான் உறைவது. குளிர் பட்டால் சீக்கிரம் உறையும். நல்ல தேனும் உறையும். குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. இதை எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? காசு கொடுத்து வாங்கி, சந்தேகப்பட்டு, திட்டிவிட்டுப் போகாமல் உங்களிடமே கேட்கிறார் ஒருவர். அவரை இடைஞ்சல் என்கிறீர்கள். முகம் தெரியாத நாலாயிரம் பேருக்கு மட்டும் தினமும் ‘என் தொழில்முனைவுப் பயணம்’!

என் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, தேனீ வளர்த்தவர். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் பரப்பிய பெட்டித் தேனீ வளர்ப்பு அவர் காலத்தில் ஊர்த் தொழிலாகவே ஆகியிருந்தது. அதில் பாதி, பெட்டியைச் சுமந்து ஊர் ஊராகப் போவது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் மாதங்களில் ரப்பர் தோட்டங்களுக்குப் போவார்கள். அங்கே தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருமிடத்தில் சுரக்கும். ஆனால் தோட்டம் அடுத்தவருடையது. அருமனையில் ஒருவர், குலசேகரத்தில் ஒருவர், எல்லை தாண்டிப் பத்தனம்திட்டைப் பக்கம் சிலர். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஆட்கள். மற்ற மாதங்களில் தபால் கார்டுதான். தளிர் வந்ததா, பூஞ்சைக்குக் கந்தகப்பொடி என்றைக்குத் தூவுகிறார்கள் என்று மாமா கேட்பார். அவர்கள் கேட்பது வேறு. நாகர்கோவிலில் நல்ல கண் டாக்டர் யார், மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் குடும்பம் எப்படி, இப்படி. தேனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாமா விசாரித்து அன்றைக்கே எழுதி என் கையில் தருவார். “அந்த மனுசன் கேட்டிருக்காரு. மழைக்கு முந்தி தபால் பெட்டியில போட்டுட்டு வா மக்களே.”

1991-92இல் ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தேனீக்களுக்கு வந்தது. தேனீப் புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே நீர் கட்டிய பை மாதிரி ஆகிச் செத்தன. தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாயின. மாமாவுக்குக் கூடப்பிறந்தவர்களைப் போல நாலைந்து தேன்காரர்கள் உண்டு. ஒருவராலும் உதவ முடியவில்லை, அவர்கள் பெட்டியும் காலி. உதவியது, வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஒரு தோட்டக்காரர். அவர் பறம்பில் ஒரு பழைய மரப்பொந்தில் தேனீ உயிரோடு இருக்கிறது, வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று கார்டு போட்டார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை சொல்வதும் இதைத்தான். நெருங்கியவனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்துப் பழக்கத்தில் இருப்பவரிடமிருந்து வரும். லிங்க்ட்இனே சுமார் இரண்டு கோடி பயனர்களிடம் ஐந்து வருடம் சோதித்தது, முடிவு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்களும் இல்லை, பெயருக்கு மட்டும் தொடர்பில் இருப்பவர்களும் இல்லை, இடைப்பட்ட தூரத்துப் பழக்கம் உள்ளவர்கள். அது வேலை மாறுவதைப் பற்றிய ஆய்வு, தேன் விற்பதைப் பற்றியது அல்ல. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் நாலாயிரத்தில் அது எத்தனை பேரிடம் இருக்கிறது? ஒருவருடைய மகன் பிளஸ் டூ முடித்தானா என்றாவது தெரியுமா? அந்த வாட்ஸ்ஆப் ஆட்களிடம் பேசினால் தெரியவரும். மருந்துக்கு வாங்குகிறார்களா, குழந்தைக்கா, பலகாரக் கடைக்கா என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு வாரம் ரீல் வேண்டாம். பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தாமதத்துக்கு வருத்தம் சொல்லி, பதில் எழுதுங்கள்.

பிரீமியம் வேண்டாம். அந்தக் காசில் நல்ல மூடி வாங்குங்கள்.

கொச்சி என்றீர்களே, போங்கள். ஆனால் ரப்பர் தளிர்க்கும் சமயமாகப் பார்த்து, வழியில் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கும் நம்மூர் ஆட்களை முதலில் பாருங்கள். யாரையும் தெரியாதென்றால் எழுதுங்கள், இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன். கிடைத்ததும் போன் செய்யுங்கள், ‘ஹாய்’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் கை ஒழியும்.