மதவாச்சியில் வந்தது தூக்கம்தானா?

கேள்வி: எனக்கு வயது 44. கொட்டாஞ்சேனையில் குடும்பத்துடன் இருக்கிறேன். புறக்கோட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று தடவை யாழ்ப்பாணத்துக்கு லொறி ஓட்டுகிறேன். இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டால் விடியும்போதுதான் போய்ச் சேருவேன். நீரிழிவுக்கு இரண்டு வருடமாக மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். வயிறு நிறைந்தால் தூக்கம் வரும் என்பதால், ஓட்டம் இருக்கும் இரவுகளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிடுவேன். அண்மையில் இரண்டு தடவை மதவாச்சிக்குக் கிட்டக் கை நடுங்கி, வியர்த்து, பார்வை மங்கியது. தூக்கக் களைப்பு என்று நினைத்துச் சீனி கூட்டிய பிளேன்டீ குடித்தேன், சரியாகிவிட்டது. குறட்டை அதிகம் என்று மனைவி சொல்கிறார். தொழிலை விடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ள என்ன சாப்பிட வேண்டும், என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்: சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்தப் பிளேன்டீதான். தூக்கக் களைப்பைச் சீனி தீர்க்காது. நடுக்கமும் வியர்வையும் சீனி உள்ளே போனவுடன் அடங்கின என்றால், அநேகமாக அது இரத்தத்தில் சீனி தாழ்ந்துபோனதன் அடையாளம். ஓட்டிக்கொண்டிருக்கும் சாரதிக்குச் சீனி கூடுவதைவிடத் திடீரென்று குறைவதே உடனடி ஆபத்து.

காரணம் நீங்கள் எடுக்கும் இரண்டாவது மாத்திரை. மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல. அது கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. எட்டு மணிக்கு மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வெறும் வயிற்றுடன் ஆறு, ஏழு மணிநேரம் ஓட்டினால் உடம்பு எங்கே போய் நிற்கும்? சீனி தாழும்போது யோசிக்கும் திறனும் மழுங்கும். லொறியை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வராமல் போகலாம். இது அடிக்கடி நடந்தால் நடுக்கம், வியர்வை என்ற எச்சரிக்கைகளும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

ஆகவே அடுத்த ஓட்டத்துக்கு முன்பே உங்கள் வைத்தியரைப் பாருங்கள். கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவில் ஓட்டுகிறேன், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், இரண்டு தடவை இப்படி ஆனது என்று மூன்றையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றலாம். சீனியை இப்படித் தாழ்த்தாத வேறு மருந்தும் தரலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் சீனியை அளக்கும் குளுக்கோமீட்டர் ஒன்றை வாங்கி லொறியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன் 90க்குக் (mg/dL) குறைவாகக் காட்டினால் ஏதாவது சாப்பிட்டு, கூடிய பிறகே சாவியைத் திருப்புங்கள். வழியில் நடுக்கம் தொடங்கினால் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியோ குளுக்கோசோ நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், 70க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் குடியுங்கள். பிறகு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கள். அளவு சரியான பின்னரும் முக்கால் மணிநேரம் ஓட்ட வேண்டாம், மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். கூட வரும் உதவியாளருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் உங்கள் வாயில் எதையும் ஊற்றாமல், அவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.

இனிக் குறட்டை. எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் குறட்டை சில நொடிகள் அறுந்து, பிறகு மூச்சுத் திணறுவதுபோல் மறுபடி தொடங்குகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். காலையில் தலைவலி, எட்டு மணிநேரம் படுத்தும் தீராத அலுப்பு, கூடிய இரத்த அழுத்தம் ஆகியவையும் சேர்ந்தால், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயா என்று பரிசோதிக்க வேண்டும். அந்த நோய் உள்ளவருக்குப் படுத்த நேரமெல்லாம் தூங்கிய கணக்கில் சேராது. அதற்குச் சிகிச்சை உண்டு. எடை குறைந்தாலே பலருக்குத் தணிகிறது. தொழில் போய்விடும் என்று பயந்து இதை மறைக்காதீர்கள்.

அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை மனித உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். நீங்கள் மதவாச்சியைக் கடப்பதும் அப்போதுதான். கண்ணாடியைத் திறப்பதும் பாட்டைக் கூட்டி வைப்பதும் சில நிமிடங்களுக்குமேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சீனியில்லாத ஒரு பிளேன்டீ குடித்தவுடன் 20 நிமிடம் கண்ணயருங்கள். தேநீரின் கஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம் என்பது சட்டம். நீங்களும் அதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளலாம். தும்மலுக்கு எடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைக் கூட்டும், ஓட்டும் நாளில் அவை வேண்டாம். பகலில் தூங்க இருட்டான அறையும் அணைத்த கைபேசியும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெயிலில் வெந்த லொறிக்குள் படுப்பதைவிட, சரக்கு இறக்கும் கடைக்காரரிடம் ஒரு பாய் விரிக்க இடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சாப்பாட்டில் உங்கள் பயம் பாதி நியாயமானது. ஒரு முழுச் சோற்றுப் பார்சல் அசத்தத்தான் செய்யும். அதனால் ஏழரை மணிக்கு வீட்டிலேயே அளவாகச் சாப்பிடுங்கள்: சிவப்பரிசிச் சோறு இரண்டு கைப்பிடி, பருப்பு, மீன், தட்டில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும். நள்ளிரவில் வழிக்கடைக் கொத்துக்குப் பதிலாக அவித்த கடலையோ கௌபியோ ஒரு முட்டையோ கையோடு கொண்டுபோங்கள். நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீரை அடக்காதீர்கள். சிறுநீரகக் கல்லுக்கும் கிருமித்தொற்றுக்கும் அதுவே வழி.

விழித்திருக்க வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெண்மையான படலமோ, வாயைத் திறக்க இறுக்கமோ தெரிந்தால் அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

பயிற்சிக்கு, நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் லொறியைச் சுற்றிப் பத்து நிமிடம் வேகமாக நடந்தால் தொடக்கத்துக்குப் போதும். பல மணிநேரம் குலுங்கிய முதுகோடு இறங்கியவுடனே மூட்டையைத் தூக்காதீர்கள், முதலில் சற்று நடங்கள். வெறுங்காலோடு ஓட்டவும் வேண்டாம். நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறைந்திருந்தால் இயந்திரச் சூட்டில் தோல் வேகுவதுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

வைத்தியரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.