பழைய பிராடோ: யார் சொல்வதை நம்புவது?

பழைய டொயோட்டா பிராடோ ஜீப் வாங்கலாமா என்று கேட்டால், ஒருவர் நல்ல வண்டி என்கிறார், இன்னொருவர் ஹெட் (எஞ்சினின் மேற்பகுதி) வெடிக்கும், அதாவது விரிசல் விடும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவரின் 90 சீரிஸ் பிராடோ அலுங்காமல் ஓடுவதும், மற்றவருடையது ஹெட் வெடித்துக் கிடப்பதும் அதே 1கே-இசட் டீசல் எஞ்சினில்தான். ஹெட் அலுமினியம், ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வெடிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கிணற்றுத் தண்ணீரைத்தான். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ருக்குப் பதிலாக அதையே ஊற்றி வந்தால், கேத்தில் அடியில் படிவதுபோல றேடியேற்றரிலும் வெள்ளையாகப் படியும், எஞ்சின் சூடேறும்.

வண்டியைப் பார்க்கக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். றேடியேற்றர் மூடியைத் திறந்து படிவு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால் விலையே பேச வேண்டாம்.

குமிழி இல்லையென்றால் ஹெட் நல்லது என்றும் ஆகாது. சிறு வெடிப்பு சூடான பிறகுதான் காட்டும். ஆனால் சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், கராஜில் றேடியேற்றர் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.