"யெஸ்டர்டே"யை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா? பள்ளி விடைக்குறிப்பும் குவர்க் இலக்கணமும்

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். வாக்கிய அமைப்புப் பகுதியில் "இட் ரெய்ண்ட் யெஸ்டர்டே" என்ற வாக்கியத்துக்கு எஸ்-வி-ஏ (எழுவாய், வினை, வினையடை) என்று எழுதச் சொல்லிக் கொடுத்தேன். கைடிலும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது எம்.ஏ. படிக்கும் என் பழைய மாணவி, "குவர்க் இலக்கணப்படி இது வெறும் எஸ்-வி தான், மிஸ்" என்கிறாள். எது சரி? யார் இந்தக் குவர்க், அவர் சொல்வதை நாம் ஏன் கேட்க வேண்டும்? பிள்ளைகளைக் குழப்பாமல் இதை எப்படி நடத்துவது?

பதில்: பரீட்சைத் தாளில் எஸ்-வி-ஏ என்றே எழுதட்டும். விடைக்குறிப்பு அதைத்தான் எதிர்பார்க்கிறது, மதிப்பெண்ணும் அதற்குத்தான். ஆனால் உங்கள் மாணவி சொல்வதும் தவறில்லை. இரண்டு விடைகளும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். "இந்த வாக்கியத்தில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன?" என்று பள்ளி கேட்கிறது. "இந்த வினைச்சொல்லுக்கு எந்தெந்த உறுப்புகள் இல்லாமல் முடியாது?" என்று ஆங்கில இலக்கண அறிஞரான குவர்க் கேட்கிறார். "ரெய்ண்ட்" என்ற வினைக்கு "யெஸ்டர்டே" தேவையில்லை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுசாக நிற்கும். அதனால் அவர் கணக்கில் அது எஸ்-வி. "யெஸ்டர்டே" விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் ஏ.

எஸ் (எழுவாய்), வி (வினை), ஓ (செயப்படுபொருள்), சி (எழுவாயையோ செயப்படுபொருளையோ விவரிக்கும் நிரப்பி), ஏ (எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் வினையடை) என்ற இந்த ஐந்து எழுத்துகளையும் உலகெங்கும் வகுப்பறைகளில் பரப்பியதில் பெரும்பங்கு ராண்டல்ஃப் குவர்க்கும் அவருடன் எழுதிய மூவரும் செய்த இலக்கண நூல்களுக்கு உண்டு. அவர்களுக்கு முன்னால் வாக்கிய வகைகளைப் பிரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1904-லேயே இலக்கண ஆசிரியர் ஆனியன்ஸ் ஐந்து வகை சொன்னார். அகராதி ஆசிரியர் ஹார்ன்பி 1954-ல் வினைச்சொற்களுக்கு இருபத்தைந்து அமைப்புகள் வகுத்தார். ஐந்து வகை போதவில்லை, இருபத்தைந்தை மாணவர் மனத்தில் நிறுத்த முடியவில்லை. குவர்க் குழு அதை ஏழாகக் கட்டியது. அந்த ஏழையும் நம் ஊர் வாக்கியங்களிலேயே பார்த்துவிடலாம்.

"த ஃபாக் லிஃப்டட்" (பனிமூட்டம் விலகியது) எஸ்-வி. "த ஃபேக்டரி பாட் த லீவ்ஸ்" (ஃபேக்டரி இலையை வாங்கியது) எஸ்-வி-ஓ. "த கேரட்ஸ் ஆர் ஃப்ரெஷ்" எஸ்-வி-சி. "த ட்ரெய்ன் இஸ் இன் குன்னூர்" எஸ்-வி-ஏ. "த பையர் கேவ் ஹெர் த மணி" எஸ்-வி-ஓ-ஓ. இதில் முதல் ஓ பெறுபவர், இரண்டாவது ஓ பொருள். "த ஃப்ராஸ்ட் டர்ன்ட் த லீவ்ஸ் பிரவுன்" (உறைபனி இலையைப் பழுப்பாக்கியது) எஸ்-வி-ஓ-சி. "ஷி புட் த பாஸ்கெட் ஆன் த ஸ்கேல்" (கூடையைத் தராசில் வைத்தாள்) எஸ்-வி-ஓ-ஏ. நான்காவதிலும் ஏழாவதிலும் உள்ள ஏ-வைக் கவனியுங்கள். "த ட்ரெய்ன் இஸ்" என்று நிறுத்த முடியாது. "ஷி புட் த பாஸ்கெட்" என்றும் நிறுத்த முடியாது. இந்தக் கட்டாய ஏ-க்கு மட்டும்தான் ஏழு வகைக்குள் இடம்.

குவர்க்கின் பேச்சைக் கேட்பதற்கான காரணம் அவர் வகித்த பதவிகள் அல்ல, அவர் வேலை செய்த முறை. 1920-ல் மேன் தீவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் படிக்கப் போனவரின் படிப்பு போரால் இடையில் நின்றது. 1940 முதல் 1945 வரை விமானப்படையில் இருந்தார். பிறகு திரும்பி வந்து படித்து, அங்கேயே ஆசிரியரானார். 1954-ல் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1959-ல் அங்கிருந்தபோதுதான் அவருடைய பெரிய வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு அதைக் கையோடு லண்டனுக்கே கொண்டு வந்தார்.

அதன் பெயர் 'சர்வே ஆஃப் இங்கிலீஷ் யூசேஜ்', ஆங்கிலப் பயன்பாட்டு ஆய்வு. படித்தவர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்பதை அள்ளி எடுத்து எண்ணிப் பார்ப்பது அதன் நோக்கம். ஒன்று 5,000 சொல் வீதம் 200 பகுதிகள், ஆக மொத்தம் 10 லட்சம் சொற்கள். பாதி எழுத்து, பாதி பேச்சு. நேருக்கு நேர் உரையாடல், தொலைபேசிப் பேச்சு, சொற்பொழிவு, வர்ணனை எல்லாவற்றையும் டேப்பில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தாளில் இறக்கினார்கள். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்பதற்கும் குறியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. ஒவ்வோர் இலக்கணக் கூறும் ஒரு துண்டுச் சீட்டில் ஏறி, இரும்பு அலமாரி இழுப்பறைக்குள் வகைவாரியாகப் போனது. யாராவது "இப்படி யாரும் சொல்வதில்லை" என்றால் இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். இலக்கணம் எழுதுகிறவரின் காதும் ரசனையும் மட்டுமே சாட்சியாக இருந்த காலத்துக்கு இது முடிவு கட்டியது. பேச்சுப் பகுதிகளை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்வார்த்விக் பின்னர் கணினியில் ஏற்றினார். பேசும் ஆங்கிலத்தை ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் அதுதான் முதல் கதவாக இருந்தது.

அந்தச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், ஸ்வார்த்விக் நால்வரும் 1972-ல் முதல் பெரிய இலக்கணத்தை எழுதினார்கள். 1973-ல் அதன் சுருக்கமாகக் குவர்க்கும் கிரீன்பாமும் 'எ யூனிவர்சிட்டி கிராமர் ஆஃப் இங்கிலீஷ்' கொடுத்தார்கள். 1985-ல் நால்வரும் சேர்ந்து 'எ காம்ப்ரிஹென்சிவ் கிராமர்' வெளியிட்டார்கள். அது 1,700 பக்கங்களுக்கு மேல். குவர்க் 1981 முதல் 1985 வரை லண்டன் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார், 1994-ல் பிரபுக்கள் சபைக்குப் போனார், 2017-ல் காலமானார்.

இனி வகுப்பறைக்கு வருவோம். நீக்கிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. ஏ என்று தோன்றும் சொல்லை விரலால் மறைத்து, மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். மீதி நின்றால் அது விருப்ப ஏ, தொங்கினால் கட்டாய ஏ. ஓ-வையும் சி-யையும் பிரிக்க இரண்டு வழி உண்டு. செயப்பாட்டு வினையாக மாற்றிப் பாருங்கள்: "த லீவ்ஸ் வேர் பாட்" என்று மாறினால் அது ஓ. "ஹி பிகேம் எ டீச்சர்" மாறவே மாறாது, அதனால் "டீச்சர்" சி. ஓ-வுக்குப் பின்னால் இன்னொரு சொல் வந்தால், இரண்டுக்கும் நடுவே "ஆர்" அல்லது "இஸ்" வைத்துப் பாருங்கள். "லீவ்ஸ் ஆர் பிரவுன்" பொருள் தருகிறது, ஆகவே "பிரவுன்" சி. "ஹெர்", "த மணி" இரண்டுக்கும் நடுவே "இஸ்" வைத்தால் அவளே பணம் என்று ஆகிவிடும்; ஆகவே அங்கே இரண்டும் ஓ.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இடப்பெயரில்தான். "ஹி பாட் த ஷாப் இன் கோத்தகிரி" என்றதும் "இன் கோத்தகிரி"யைக் கண்ணை மூடிக்கொண்டு ஏ என்று குறித்துவிடுவார்கள். பிரதிப்பெயர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோத்தகிரியில் இருக்கும் கடையை அவர் வாங்கினார் என்றால் "ஹி பாட் இட்" என்று முழுவதும் ஒரே "இட்"டுக்குள் அடங்கிவிடும். அப்போது அது ஓ-வின் ஒரு பகுதி, விடை எஸ்-வி-ஓ. "ஹி மெட் த டாக்டர் இன் குன்னூர்" என்பதில் "ஹி மெட் ஹிம் இன் குன்னூர்" என்று ஊர் வெளியே நிற்கும், அது ஏ. "ஹி வென்ட் ஹோம்" என்பதில் "ஹோம்" பெயர்ச்சொல் மாதிரி இருப்பதால் ஓ என்று எழுதுவார்கள். எதை என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது, எங்கே என்ற கேள்விக்குத்தான் சொல்லும். அது ஏ.

"ஷி கேவ் த மணி டு ரவி" என்பதில் கைடுகளும் குவர்க்கும் மறுபடி பிரியக்கூடும். பல கைடுகள் "டு ரவி"யை மறைமுகச் செயப்படுபொருள் என்று போடுகின்றன. 1973 நூல், எஸ்-வி-ஓ-ஓ வாக்கியம் இப்படி மாறும்போது எஸ்-வி-ஓ-ஏ ஆகிறது என்கிறது. இங்கும் உங்கள் வாரியத்தின் விடைக்குறிப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். இதற்காக வகுப்பில் ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒரு மணி நேரம் செலவழிக்கத் தகுந்தது வேறொன்று இருக்கிறது. "த கேரட்ஸ் ஃப்ரெஷ்" என்று "ஆர்"ஐ விழுங்கிவிடும் பிள்ளை, "த ட்ரெய்ன் இஸ் இன் குன்னூர்" என்பதில் பெரும்பாலும் "இஸ்"ஐ விடுவதில்லை. காரணம் நம் மொழியில் இருக்கிறது. "ரயில் குன்னூரில் இருக்கிறது" என்று தமிழில் வினை வருகிறது. "இது நல்ல கேரட்" என்பதற்கு நமக்கு வினையே வேண்டாம், பெயர்ப்பயனிலையோடு வாக்கியம் முடிந்துவிடும். ஆகவே எஸ்-வி-சி வகையைத் தனியாக எடுத்து, நடுவில் வி-க்கு ஒரு கட்டம் வரைந்து, அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று பழக்குங்கள். "எனக்குப் பசிக்கிறது" போன்றவையும் ஆங்கிலத்தில் இதே கட்டத்துக்குள்தான் விழும்: "ஐ ஆம் ஹங்க்ரி". தமிழில் நான்காம் வேற்றுமையில் நிற்பவர் அங்கே எஸ் ஆகிவிடுகிறார். வீட்டில் படுகு பேசும் பிள்ளைக்கும் வினை கடைசியில் வருவதுதான் பழக்கம். வி-யை இரண்டாவது இடத்துக்குக் கொண்டு வருவதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கினால்தான் கை பழகும்.

எந்த வினைக்கு என்ன கட்டாயம் என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால், பெரிய இலக்கணத்தைத் தேட வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியில் "புட்" என்ற சொல்லைத் திறங்கள். பொருள் தொடங்கும் முன்பே ஒரு கூட்டல் குறியும், வினையடை அல்லது முன்னிடைச்சொல் வர வேண்டும் என்ற சுருக்கக் குறிப்பும் இருக்கும். அதுதான் கட்டாய ஏ. "டிஸ்கஸ்" என்ற சொல்லில் அப்படி எதுவும் இருக்காது, நேரே ஓ-தான் வரும். "டிஸ்கஸ்ட் அபவுட் த பிராப்ளம்" நம் நாட்டில் எங்கும் காதில் விழும். இது இந்திய ஆங்கிலத்தின் இயல்பா, பிழையா என்பது பெரிய விவாதம். பள்ளியில் நிலைபெற்ற ஆங்கிலத்தைத்தான் கற்றுத்தர வேண்டும் என்று 1990-ல் குவர்க் எழுத, ஸ்ரீநகரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு அடுத்த ஆண்டே கடுமையாக மறுத்தார். இந்தியாவில் ஆங்கிலம் தனக்கான வழக்கை வளர்த்துக்கொண்டுவிட்டது என்பது அவர் வாதம். கச்ருவின் பக்கம் நியாயம் நிறைய உண்டு. ஆனாலும் மலைக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளையின் தாளைத் திருத்தப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. "அபவுட்" இல்லாமல் எழுதினால் யாராலும் மதிப்பெண் குறைக்க முடியாது.

நூலே வாங்குவதென்றால் 1973 நூல் போதும், எம்.ஏ. ஆங்கிலம் உள்ள கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். அதில் 7-ஆம் அத்தியாயமும் 12-ஆம் அத்தியாயமும்தான் உங்கள் கேள்விக்கு உரியவை. 8-ஆம் அத்தியாயம் ஏ-யின் உட்பிரிவுகளுக்கு. பின்னால் உள்ள அகரவரிசையில் இருப்பவை பக்க எண்கள் அல்ல: 7.2 என்றால் 7-ஆம் அத்தியாயத்தின் 2-ஆம் பிரிவு. புதிதாகத் திறப்பவர்கள் இதில்தான் முதலில் தடுமாறுவார்கள். ஒரு வாக்கியத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது என்று அர்த்தம், கேள்விக்குறி இருந்தால் ஐயத்துக்குரியது. மாணவர்களுக்கு அந்த வாக்கியங்களை நகலெடுத்துக் கொடுக்கும்போது குறியை விட்டுவிட்டால் பிழை வாக்கியம் பாடமாகிவிடும்.

குவர்க் குழு மக்களிடம் "இது சரியா, தவறா?" என்று கேட்பதோடு நிற்கவில்லை. கேட்டால் தாங்கள் சொல்வதை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியது என்று நினைப்பதையே மக்கள் சொல்வார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள், அல்லது முடிக்கச் சொன்னார்கள். எங்கே தயங்குகிறார்கள், எதைத் தவிர்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். இதை நீங்களும் செய்யலாம். கரும்பலகையில் நான்கு வரி, முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதுங்கள்: "ஷி வாஷ்ட் த பாஸ்கெட்", "ஷி புட் த பாஸ்கெட்", "வீ வர்க்", "வீ லிவ்". வாக்கியம் முடிந்தது என்று தோன்றினால் புள்ளி வைக்கவும், இல்லையென்றால் தொடரவும் என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனித்தாளில், பக்கத்தில் பார்க்காமல் எழுதட்டும். தாள்களை வாங்கி, வரிக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். இரண்டாவது வரிக்குப் புள்ளி வைத்தவர்களுக்கு "புட்" இன்னும் பிடிபடவில்லை. அவர்களுக்கு அகராதியைத் திறந்து காட்டுங்கள். நான்காவது வரியில் வகுப்பு இரண்டாகப் பிரியலாம். அங்கே நின்று பேசுங்கள். "வீ வர்க் இன் கோத்தகிரி"யில் ஊரை எடுத்தாலும் வேலை செய்வது அப்படியே இருக்கிறது. "வீ லிவ் இன் கோத்தகிரி"யில் ஊரை எடுத்தால் குடியிருப்பது போய், உயிரோடு இருப்பது வந்துவிடுகிறது. பரீட்சையில் இரண்டுக்கும் எஸ்-வி-ஏ. உங்கள் பழைய மாணவியின் கணக்கில் முதலாவது எஸ்-வி, இரண்டாவது மட்டுமே எஸ்-வி-ஏ.