குஸ்தாவ் மொரோவின் முன்வரைவுகள்: கேள்வி பதில்

பிரெஞ்சு சிம்பலிச (குறியீட்டு வழி) ஓவியர் குஸ்தாவ் மொரோ (1826–1898) கிரேக்கப் புராண உருவங்களை வைத்துப் போட்டுப் பார்த்த எண்ணெய் வண்ண முன்வரைவுகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

சார், பல முன்வரைவுகளில் உருவத்துக்கு முகமே இல்லையே. அவசரத்தில் போட்டதா?

இல்லைங்க. முகம் வேறு தாளில் இருக்கும். மொரோ வேலையைப் பிரித்துக்கொள்கிறவர். உடல் நிற்கும் வாகு, துணி மடிப்பு, விரல்கள் எல்லாம் மாடலை நிறுத்திப் பென்சிலில் வரைந்தாகிவிடும். மெழுகில் சின்னச் சின்ன உருவங்கள்கூடச் செய்து பார்த்திருக்கிறார். எண்ணெய் வண்ணத்தைத் தொடும்போது கேள்வியே வேறு: வெளிச்சம் எங்கே விழ வேண்டும், இருட்டு எவ்வளவு வேண்டும், சிவப்பை எங்கே வைத்தால் கண் அங்கே ஓடும்? அதற்கு மூக்கும் வாயும் எதற்கு? கிட்டே போய்ப் பார்த்தால் தேவதையின் உடல் வெறும் நாலைந்து தீற்றல்தான், தடிமனான வெள்ளையும் கொஞ்சம் காவியும். நாலடி தள்ளி நின்றால் உடல் எழுந்து நிற்கும்.

சின்னப் படத்திலிருந்து பெரிய கேன்வாஸுக்கு எப்படி மாற்றினார்?

கட்டம் போட்டுத்தான். நம்ம சினிமா பேனர் ஓவியர்கள் செய்த அதே வேலை. அவருடைய வரைபடங்கள் பலவற்றில் அந்தக் கட்டக் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

இவற்றை முதல் அரூப ஓவியங்கள் என்கிறார்களே, சரியா அண்ணா?

எனக்கு ஒப்புதல் இல்லை. சில பலகைகளில் உருவம் எதுவும் பிடிபடாது, உண்மைதான். ஆனால் மனுஷன் கடைசி வரை கதை சொல்ல நினைத்தவர். வண்ணத்தை மட்டும் தனியே சோதித்தார் என்பதே பொருத்தம். பின்னாளில் வண்ணத்தால் பேர் வாங்கிய ஓவியர்கள் மத்தீஸும் ரூவோவும் அவரிடம் படித்தவர்கள் என்பதால் பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு அப்படித் தோன்றுகிறது.

எது முன்வரைவு, எது முடியாத படம்?

அளவைப் பாருங்கள். கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க வந்தவர்களைக் கொல்லும் ‘பிரெடாந்தான்’ ஓவியத்தை 1852 வாக்கில் தொடங்கினார். பிறகு கேன்வாஸை ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கினார். இப்போது உயரம் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஆனாலும் முடிக்கவில்லை. ‘கிமேராக்கள்’ என்ற இன்னொரு ஓவியத்தில் கோடு மட்டும் நுணுக்கமாக ஓடுகிறது, வண்ணம் பாதியில் நிற்கிறது. இவை முன்வரைவு அல்ல, பாதியில் விட்டவை. முடித்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் ‘ஜூபிட்டரும் செமலியும்’ (1895): ஓர் அங்குலம்கூட விடாமல் நகை, பூ, இறக்கை. என் ருசிக்கு அது கொஞ்சம் திகட்டல்தான்.

எங்கே பார்க்கலாம்?

பாரிஸில், அவர் வீட்டிலேயே. அதை அரசுக்கு எழுதி வைத்தார். 1903ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ரூவோதான் முதல் காப்பாளர். வரைபடங்கள் சுவரோரப் பெட்டிகளில் கதவு மாதிரித் திறக்கும் சட்டங்களில் இருக்கும். சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள்.