தம்பிக்கு லைப்சிக்கில் எந்தப் படிப்பு?

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடிக்கப்போகும் மகன் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரின் இசைக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று நிற்கிறான், இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யவா வேண்டாமா என்று தெரியவில்லை, தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் உங்கள் ஆலயத்தில் அவன் ஆறு வருடமாக ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கிறான் என்பதைக் கடைசியில் ஒரே வரியாகச் சேர்த்திருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். பெர்லின் போன்ற இடங்களின் அரசு இசைக் கல்லூரிகளில் அது சரி. லைப்சிக் கல்லூரி 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,800 யூரோ வாங்குகிறது. இளநிலைப் படிப்பு எட்டு செமஸ்டர், ஆகவே கட்டணம் மட்டும் 14,400 யூரோ. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ போட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் தம்பி கைக்கே வரும். கட்டணமும் இந்தச் செலவும் நான்கு வருடத்துக்கும் சேர்த்தால் சுமார் 62,000 யூரோ ஆகிறது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் 62 லட்சம். படிக்கும்போது வருடத்தில் 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தினம் நான்கைந்து மணி நேரம் சாதகம் செய்ய வேண்டிய பையன் அதை நம்பிப் போகக் கூடாது.

இவ்வளவு செலவு செய்து போகிற அளவுக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது? இசையமைப்பாளர் மெண்டல்சன் 1843இல் தொடங்கிய கல்லூரி அது. புளூம்னர் என்ற வழக்கறிஞர் கலைக்காக எழுதிவைத்துப்போன 20,000 தாலர் (அந்தக் கால ஜெர்மன் நாணயம்) பணத்தில் ஆரம்பமானது. இன்னொரு இசையமைப்பாளரான ஷூமான் அங்கே ஆசிரியராக இருந்தார். இன்றைக்கும் தாமஸ் தேவாலயத்துக்கு நடந்தே போய்விடலாம். இசை மேதை பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை வேலை பார்த்த ஆலயம். தம்பி அந்த ஊரைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் போனவர்களின் கதையையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நார்வேயின் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1858இல் தம்பியை விடச் சின்னவராக, 15 வயதில் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பியானோ ஆசிரியர் பிளைடி வெறும் விரல் பயிற்சிகளையே வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வெறுத்துப்போய், ஆசிரியரை மாற்றித் தரும்படி கேட்டான். ஷூமானின் நண்பரான வென்ட்ஸெலிடம் போன பிறகுதான் அவனுக்குப் படிப்பு பிடித்தது. கல்லூரியும் கட்டடமும் அதேதான், மாறியது வாத்தியார். இன்றும் அங்கே முதன்மைப் பாடத்தை ஒரே ஆசிரியரிடம் வருடக்கணக்கில் தனியாகக் கற்க வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, ஒரு மாதிரி வகுப்பு கேட்பது அங்கே வழக்கம். தம்பியும் தயங்காமல் கேட்கட்டும்.

தம்பி விண்ணப்பிக்க நினைப்பது பியானோவுக்கு. இங்கே நான் அவனோடு ஒத்துப்போகவில்லை. ஆறு வயதிலிருந்து வாரம் இரண்டு வகுப்பு, இசைக்கென்றே தனிப் பள்ளி என்று வளர்ந்த பிள்ளைகள் உலகம் முழுவதிலிருந்தும் அந்தச் சில இடங்களுக்கு வருவார்கள். இங்கே நம் பிள்ளைகள் எழுதும் பியானோத் தேர்வுகளின் எட்டாவது கிரேடு சான்றிதழ் அவர்களுக்கு நடுவே ஓர் ஆரம்பம்தான். படித்து முடித்தாலும் பியானோக் கலைஞருக்கென்று மாதச் சம்பளப் பதவிகள் மிகக் குறைவு. வயலின்காரருக்காவது ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் சுமார் 130 இசைக்குழுக்கள் இருக்கின்றன.

அதே கல்லூரியில் தேவாலய இசை என்று ஒரு படிப்பு உண்டு. ஆர்கன், பாடகர் குழு நடத்துவது, பாட்டு, ஞானப்பாட்டுக்கு உடனுக்குடன் சுரம் கோத்து வாசிப்பது எல்லாம் அதில் அடக்கம். படித்து முடித்தவர்களை அங்குள்ள சபைகள் சம்பளம் கொடுத்து கான்ட்டராக, அதாவது ஆலயத்தின் இசைப் பொறுப்பாளராக, வைத்துக்கொள்கின்றன. இந்த வேலைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது என்று அங்குள்ள சபைகளே கவலைப்படுகின்றன. திருமுழுக்குப் பெற்றவராக, ஜெர்மன் மொழியில் உள்ளூர்ப் பாடகர்களோடு தாராளமாகப் பேசுபவராக இருக்க வேண்டும். முதலாவது தம்பிக்கு இருக்கிறது.

அவனுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது, அதை அவன் கவனித்தானா தெரியவில்லை. உங்கள் பகுதியில் 1840களிலிருந்து ஊழியம் செய்தது லைப்சிக் மிஷன். லுத்தரன் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பல பாட்டுகள் ஜெர்மன் மெட்டில் வந்தவை. பாக் நான்கு குரலுக்கு அமைத்த மெட்டுகளில் சிலவற்றை உங்கள் பையன் ஞாயிறுதோறும் தமிழ் வார்த்தைகளுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறான். நுழைவுத்தேர்வில் கொரால் (ஜெர்மன் ஞானப்பாட்டு) வாசிக்கச் சொல்லும்போது அது அவனுக்கு அந்நியமாக இருக்காது.

கஷ்டம் காலில்தான். நம் ஆலயங்களில் பெரும்பாலும் கீபோர்டு இருக்கிறது, காலால் வாசிக்கும் பெடல் வரிசை கிடையாது. அது இல்லாமல் நுழைவுத்தேர்வுக்குப் போகவே முடியாது. சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் குழாய் ஆர்கன் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் ஆயர் வழியாகக் கேட்டு, பழக அனுமதி வாங்கப் பாருங்கள். அடுத்தது காது. ஒரு தடவை வாசித்ததைக் கேட்டு நொட்டேஷனில் எழுதச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் நன்றாக வாசித்தும் முதல் வருடம் இதில்தான் தவறவிட்டாள். பத்து மாதம் தினமும் அரை மணி நேரம் காதுப்பயிற்சி செய்து மறுவருடம் இடம் வாங்கினாள்.

ஆகவே இந்த வருடம் அவசரப்பட வேண்டாம். இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டு யாரிடமும் போகாதீர்கள், இசைக் கல்லூரியில் தேர்வுக் குழு முன்னால் வாசித்துத்தான் உள்ளே போக முடியும். ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 என்ற நடுத்தர நிலைச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலோ இணைய வழியிலோ இப்போதே தொடங்கினால் ஒரு வருடத்தில் முடியும். லைப்சிக்கோடு, பக்கத்து ஊரான ஹாலேயிலுள்ள தேவாலய இசைக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு படித்த அதே ஹாலேதான். ஒரு வருடம் சும்மா போகுமே என்று பயந்தால், பொறியியல் விண்ணப்பத்தையும் போட்டுவையுங்கள். ஆனால் முதல் வருடக் கல்லூரி வேலைகளோடு இந்தப் பயிற்சி நடக்காது என்பதைத் தம்பியிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனை மூன்று ஞானப்பாட்டு வாசிக்கச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்புங்கள். ஒன்றைப் புத்தகம் பார்க்காமல் வாசிக்கட்டும். இரண்டு கையும் தெளிவாகத் தெரிய வேண்டும், முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.